சக ஆசிரியர் நம் வகுப்பில் வந்து உட்காரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்கும் ஏற்பாட்டை ஒருங்கிணைப்பது என் வேலை. ஸ்டாஃப் ரூமிலும் வராந்தாவிலும், சில சமயம் இரவு வாட்ஸ்அப்பிலும் வந்து விழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகின்றன.

1. பணித்திறன் மேம்பாடுன்னா வருஷத்துக்கு ரெண்டு ட்ரெயினிங் போயிட்டு வர்றதுதானே?

பயிற்சிக்குப் போவதும் அதில் ஒரு பகுதி. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை ஆசிரியருக்கு உரிமை உண்டு. மணிக்கணக்கு சரி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கினால் கணக்கு நிரம்பிவிடும். மறுநாள் வகுப்பில் ஏதாவது மாறியதா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களில் இதைத்தான் குடைந்தார்கள். ஒரு முறையை விளக்குகிறோம், செய்து காட்டுகிறோம், ஆசிரியர்களையே செய்யவைத்துப் பின்னூட்டமும் கொடுக்கிறோம். பயிற்சிக் கூடத்தில் எல்லோருக்கும் அது கைவருகிறது. ஆனால் அது சொந்த வகுப்பறைக்குள் நுழைய வேண்டுமானால், ஊர் திரும்பிய பிறகும் கூட இருந்து பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஆள் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை, சக ஆசிரியரே போதும் என்பது அவர்கள் போய்ச் சேர்ந்த முடிவு. நாம் பேசப்போகும் விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. சக ஆசிரியர் மதிப்பீடு, மதிப்பீடுன்னு சொல்றீங்களே, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வச்ச புதுப் பேரா?

இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் உங்களைப் பற்றி மேலே எழுதுவார். சக ஆசிரியர் உங்களுக்காக எழுதுவார், எழுதியதை உங்களிடமே கொடுப்பார். முன்னதில் கேள்வி ‘இவர் தேறுவாரா’. பின்னதில் கேள்வி ‘இந்தப் பாடம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததா’.

இரண்டும் தேவைதான். இரண்டையும் ஒரே தாளில் செய்வதுதான் தொல்லை. ‘மதிப்பீடு’ என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒரே படிவத்தை உதவிக்கும் தீர்ப்புக்கும் பயன்படுத்தும் பள்ளிகளில் ஆசிரியர்கள் மிக வேகமாக நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

3. என் வகுப்புல வந்து உட்கார்ந்து என்னத்தப் பார்ப்பாங்க? என்னையேவா முறைச்சுப் பார்த்துட்டு இருப்பாங்க?

நல்ல பார்வையாளர் உங்களைக் குறைவாகத்தான் பார்ப்பார். பிள்ளைகளைப் பார்ப்பார். ஜப்பானில் ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று நெடுங்காலமாக ஒரு பழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். பாடம் எல்லோரும் சேர்ந்து போட்டது என்பதால், பிசகினாலும் பழி நடத்தியவர் தலையில் விழாது.

அதனால் பின் பெஞ்சில் கைகட்டி உட்காருவதைவிட, இரண்டு மூன்று பிள்ளைகளின் நோட்டு தெரிகிற இடத்தில் பக்கவாட்டில் உட்காருவது மேல். பின்னாலிருந்து பார்த்தால் கரும்பலகையும் முதுகுகளும்தான் தெரியும்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்புக்கு முன்பே நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். “கடைசி ரெண்டு வரிசை கூட வர்றாங்களான்னு பாருங்க”, “நான் கேள்வி கேட்டா யாரெல்லாம் பதில் சொல்றாங்கன்னு குறிங்க” என்பது போல, ஒரே ஒரு விஷயம். இந்த ஐந்து நிமிடப் பேச்சு இல்லாமல் யார் வகுப்புக்கும் போகாதீர்கள்.

4. குறிப்புல என்னதான் எழுதுறது? “பாடம் நன்று, வகுப்புக் கட்டுப்பாடு சிறப்பு”ன்னு போட்டா போதாதா?

போதாது. அது வாழ்த்து அட்டை. ‘நன்று’, ‘சுமார்’, ‘ஈடுபாடு குறைவு’ எல்லாம் நீங்கள் எடுத்த முடிவுகள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். முடிவை நடத்தியவரே எடுத்துக்கொள்வார். ஒரு மாதிரி தருகிறேன். ஐந்தாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல்:

10.20 – பலகையில் 1/2 + 1/3. “யாராவது சொல்லுங்க.” முன் வரிசையில் மூன்று கைகள்.
10.21 – ஜன்னலோரப் பெண் நோட்டில் 2/5 என்று எழுதுகிறாள். பக்கத்துப் பையன் பார்த்து அதையே எழுதுகிறான்.
10.22 – முன் வரிசைப் பையன் “5/6”. ஆசிரியர்: “வெரி குட்.” அடுத்த கணக்கு.
10.26 – ஜன்னலோரப் பெண் 2/5-ஐ அழித்து 5/6 எழுதியிருக்கிறாள். அடுத்த கணக்கிலும் மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறாள்.

இதில் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிக்கும் ஆசிரியருக்கு உடனே சுருக்கென்று படும்: சரியான விடை வந்துவிட்டது, புரிதல் வரவில்லை. பலகைக்கு முன் நின்று நாற்பது பேரை மேய்க்கும்போது இது கண்ணில் படவே படாது. இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நேரம் குறிப்பது கட்டாயம். நெட் ஃபிளாண்டர்ஸ் என்பவர் வகுப்புப் பேச்சை 10 வகையாகப் பிரித்து 3 விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் முறையே வைத்திருந்தார். அத்தனை நுணுக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் அவர் கண்டது நினைவில் இருக்கட்டும்: சராசரி வகுப்பில் நேரத்தின் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது.

5. நான் கணக்கு டீச்சர். வரலாறு வகுப்புல போய் உட்கார்ந்தா எனக்கு என்ன விளங்கும்?

பாடம் தெரியாதது சில விஷயங்களுக்கு வசதிதான். நீங்களும் அன்று மாணவர். எங்கே புரியாமல் போகிறது என்று உங்களுக்கே தெரியும். யாரிடம் கேள்வி போகிறது, யார் பேசவே இல்லை, கொடுத்த வேலையைப் பிள்ளைகள் உடனே தொடங்கினார்களா என்பதையெல்லாம் எந்தப் பாட ஆசிரியரும் பார்க்கலாம்.

ஆனால் பாடக் கருத்து சரியா, எடுத்துக்காட்டு பொருந்துகிறதா, மாணவனின் தவறு எந்த வகைத் தவறு என்பதற்கு அதே பாட ஆசிரியர்தான் வேண்டும். மேலே சொன்ன 2/5 ஏன் வந்தது என்று தமிழாசிரியர் யோசிக்க மாட்டார். அதனால் இரண்டு வகை ஜோடிகளும் கலந்து இருக்கட்டும்.

6. முன்னாடியே தேதி சொல்லிட்டு வந்தா அன்னைக்கு மட்டும் ஜோரா நடத்திட மாட்டாங்களா? சொல்லாம போனாத்தானே உண்மை தெரியும்?

ஜோராகத்தான் நடத்துவார்கள். நடத்தட்டுமே! ஒருவரின் மிகச் சிறந்த வகுப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் 2009 முதல் அமெரிக்காவில் சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் ஒரு பகுதியாக ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் ஆசிரியர்களே தேர்ந்தெடுத்த பாட வீடியோக்களையும் அவர்கள் தேர்ந்தெடுக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். தேர்ந்தெடுத்தவற்றுக்கு மதிப்பெண் கூடுதல்தான். ஆனால் ஆசிரியர்களின் வரிசை ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஜோடனை எல்லோரையும் கொஞ்சம் உயர்த்துகிறது, ஆளை மாற்றிவிடுவதில்லை.

சொல்லாமல் போனால் கிடைப்பது பெரும்பாலும் பதற்றமான ஆசிரியரும் திகைத்த பிள்ளைகளும்தான். அதை உண்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

7. எனக்கே ஃப்ரீ பீரியட் கிடையாது. இதுல அடுத்தவங்க வகுப்புக்கு எப்போ போறது?

இதுதான் நிஜமான சிக்கல். தலைமை ஆசிரியர் டைம்டேபிளில் இடம் ஒதுக்காமல் “ஆர்வம் இருக்கிறவங்க பண்ணுங்க” என்று விட்டால் இரண்டே மாதத்தில் படுத்துவிடும். முழு பீரியட் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே என்றால் இருபது நிமிடம் தாராளம். அதுவும் முடியாவிட்டால் போனை வகுப்பு மூலையில் நிறுத்தி வீடியோ எடுத்து, இருவரும் சேர்ந்து பத்து நிமிடம் பார்க்கலாம். பிள்ளைகள் முகம் பதிவாவதால் பள்ளியின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் முக்கியம். பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும்.

8. கூடவே உட்கார்ந்து சாப்பிடுறவங்க. வகுப்புல குறை இருந்தா எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது?

சொல்ல வேண்டாம். காட்டுங்கள். நான்காம் கேள்வியில் சொன்னபடி குறிப்பெடுத்திருந்தால் நீங்கள் வாய் திறக்கவேண்டிய தேவையே குறைந்துவிடும். பேச்சை நடத்தியவர் தொடங்கட்டும். “எப்படிப் போச்சு சார்?” என்று ஒரு வரி கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நம்மில் பலருக்கு இந்த அமைதிதான் வராது. நாமும் ஆசிரியர்களாயிற்றே.

ஒரு பேச்சு எப்படிப் போகலாம் என்று பாருங்கள். சீனியர் அறிவியல் ஆசிரியர், பார்க்கப் போனவர் இளையவர். “பசங்க இன்னைக்கு வாயே திறக்கல” என்கிறார் சீனியர். இளையவர் தாளை நீட்டுகிறார்: “நீங்க ஒவ்வொரு கேள்வி கேட்ட பிறகும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சேன் சார்.” தாளில் 1, 1, 2, 1, 1 என்று விநாடிகள். பக்கத்திலேயே யார் பதில் சொன்னார்கள் என்ற குறிப்பு: ‘ஆசிரியர்’, ‘ஆசிரியர்’, ‘முதல் பெஞ்ச்’, ‘ஆசிரியர்’, ‘ஆசிரியர்’. சீனியர் தாளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். “அட, நானே கேட்டு நானே சொல்லியிருக்கேன்!” அவ்வளவுதான். இளையவர் குறை என்று எதையும் சொல்லவில்லை.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில் இதே விநாடிகளைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ 1 விநாடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி வகுப்பில் நிற்கும்போது ஒரு யுகமாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பேச்சை அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் காதுபட “உங்க கிளாஸ் சூப்பர்” என்று புகழ்வதுகூட வேண்டாம். இன்று புகழ்ந்தவர் நாளை இன்னொருவர் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து சும்மா இருந்தால், அந்தச் சும்மாவுக்கு ஆயிரம் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

9. என்னைவிடப் பதினஞ்சு வருஷம் ஜூனியர் வந்து என் வகுப்பை மதிப்பிடுறதா?

மதிப்பிட இல்லை, பார்க்க. எட்டாம் கேள்வியில் தாளை நீட்டியவரும் ஜூனியர்தான். விநாடியை எண்ண சர்வீஸ் தேவையில்லை. தவிர, சீனியர் வகுப்பில் உட்காரும் ஜூனியர் கற்றுக்கொண்டு போவது கொடுப்பதைவிட அதிகம். முறைப்படி முதல் சுற்றில் சீனியர்கள் தங்கள் வகுப்பைத் திறந்து வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளிகளில் இது கடைசிவரை ‘புதுசா வந்தவங்களுக்கான சடங்கு’ ஆகவே நின்றுவிடும்.

10. படிவத்துல 1-லிருந்து 4 வரைக்கும் மார்க் போட்டா சுலபமா இருக்குமே? அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கலாமே?

சுலபம்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. எண்ணைப் பார்த்தவர் எழுத்தைப் படிக்க மாட்டார். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் மாணவர்கள் விடைத்தாளை வாங்கியதும் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? நாமும் அதே ஜாதிதான்.

ஆசிரியரின் வேலையைப் பிரித்துப் பார்த்து மதிப்பிட உலகில் பல பள்ளிகள் பயன்படுத்தும் சார்லட் டேனியல்சனின் சட்டகம் 1996-இல் வந்தது. அதில் 4 பெரும் பிரிவுகள், 22 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். அதன் மொழி பேச்சுக்கு நன்றாக உதவும். ஆனால் நான்கில் இரண்டு பிரிவுகளை, அதாவது முன்தயாரிப்பையும் வகுப்புக்கு வெளியே உள்ள பொறுப்புகளையும், ஒரு பீரியட் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் 3 என்று. எல்லோருக்கும் 3 போட்ட படிவத்தில் ஒப்பிட என்ன மிச்சம்?

11. இதை வச்சு இன்க்ரிமென்ட், பணி நிரந்தரம் எல்லாம் முடிவு பண்ணலாமா?

சக ஆசிரியர்களைக் கொண்டு அப்படி முடிவெடுக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் 1981-இல் ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டு இதைத் தொடங்கின. அங்கே தேர்ந்தெடுத்த அனுபவ ஆசிரியர்களைச் சொந்த வகுப்பு எடுப்பதிலிருந்து விடுவித்து, புதியவர்களுக்கு வழிகாட்டுவதையும் அவர்களை மதிப்பிடுவதையுமே முழுநேர வேலையாகக் கொடுத்தார்கள். அவர்கள் அறிக்கை, சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் குழுவுக்குப் போகும். அங்கேதான் பரிசீலனை.

அதாவது பயிற்சி பெற்ற ஆள், அதற்கென்றே நேரம், பல தடவை பார்த்தல், இரு தரப்பும் இருக்கும் குழு. இந்த நான்கும் இருந்தால் யோசிக்கலாம். ஃப்ரீ பீரியடில் ஓடிப் போய்ப் பார்த்த ஒருவரின் ஒரு பக்கத் தாளை வைத்து ஒருவர் சம்பளத்தை முடிவு செய்வது அநியாயம். ஆறாம் கேள்வியில் சொன்ன ஆய்விலேயே, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட வெவ்வேறு ஆட்கள் பார்த்தால்தான் மதிப்பீட்டின் நம்பகம் கூடுகிறது என்று தெரிந்தது. ஒருவர் ஒரு முறை பார்த்துக் கொடுக்கும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

12. ஹெச்.எம். அந்தக் குறிப்பைக் கேட்டா கொடுக்கணுமா?

குறிப்பு நடத்திய ஆசிரியருடையது. அவர் விரும்பினால் காட்டலாம், நீங்கள் கொடுக்கக் கூடாது. தலைமை ஆசிரியருக்குத் தேவையானது யார் யார் வகுப்பை எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்ற பட்டியல் மட்டும். இதை ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் வாயால் எல்லோர் முன்னிலும் சொல்ல வைத்துவிடுங்கள். பின்னால் கேட்கும்போது மறுப்பது கஷ்டம், அதிலும் கேட்பவர் ஹெச்.எம். என்றால்.

13. அப்போ பசங்ககிட்டயே கேட்டுடலாமே? தினமும் பார்க்கிறவங்க அவங்கதானே?

கேட்கலாம், கேள்வி சரியாக இருந்தால். “உங்க டீச்சரைப் பிடிக்குமா?” என்று கேட்டால் ஹோம்வொர்க் கொடுக்காதவர் ஜெயிப்பார். “புரியலைன்னா வேற விதமா சொல்லித் தர்றாங்களா?”, “நீ எழுதினதுல எங்கே தப்புன்னு தெரியுற மாதிரி திருத்திக் கொடுக்கிறாங்களா?” என்று வகுப்பில் நடப்பதைக் கேட்டால் பிள்ளைகள் நியாயமாகவே சொல்கிறார்கள். ஆறாம் கேள்வியில் சொன்ன ஆய்வும் வகுப்பு நோக்கல், மாணவர் கருத்து, மாணவர் கற்றதன் அளவு மூன்றையும் சேர்த்துத்தான் பார்த்தது. பெயர் எழுத வேண்டாம். பதில்கள் அந்த ஆசிரியரிடம் மட்டும் போகட்டும்.

14. பார்க்கப் போன இடத்துல ஒரு பையனை அடிச்சதைப் பார்த்துட்டேன். அதையும் ரகசியமா வச்சுக்கணுமா?

கூடாது. 12-ஆம் கேள்வியில் சொன்ன ரகசியம் பாடம் நடத்தும் விதத்துக்கு மட்டும். அடித்தல், உடல் சார்ந்த அவமதிப்பு, பிள்ளையின் பாதுகாப்பைக் கெடுக்கும் எதுவானாலும் அன்றே தலைமை ஆசிரியரிடம் போக வேண்டும். நீங்கள் பார்வையாளராகப் போயிருந்தாலும் போகாமல் வராந்தாவில் நடந்துபோகையில் பார்த்திருந்தாலும் கடமை ஒன்றுதான். இந்த விதிவிலக்கு ஏற்பாட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படியென்றால் யாரும் “நம்பி உள்ளே விட்டேன், காட்டிக்கொடுத்துட்டாங்க” என்று சொல்ல முடியாது.

15. ஒரு வருஷமா ஒருத்தர் வகுப்பை ஒருத்தர் பார்க்கிறோம். பேசறோம். ஒண்ணும் மாறலையே, ஏன்?

நான் முதலில் கேட்பது: ஒரே விஷயத்துக்காக அதே வகுப்புக்கு இரண்டாம் முறை போனீர்களா? அநேகமாகப் போயிருக்க மாட்டீர்கள். ஆளுக்கு ஆள் ஒரு தடவை பார்த்து, ஒரு தடவை பேசி, அடுத்த ஜோடிக்குப் போய்விடுகிறோம். கேள்விக்குப் பின் மூன்று விநாடி பொறுக்கிறேன் என்று சொன்ன சீனியர் பொறுக்கிறாரா என்று பார்க்க யாரும் திரும்பிப் போகவில்லை. முதல் கேள்வியில் ஜாய்ஸும் ஷவர்ஸும் சொன்னது இதைத்தான்: பழக்கம் ஊறும்வரை கூட ஆள் வேண்டும்.

இரண்டாவது காரணம், கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தப் பார்ப்பது. ஏழெட்டு யோசனைகளோடு வகுப்புக்குத் திரும்புபவர் ஒன்றையும் செய்ய மாட்டார். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். சில ஜோடிகளுக்கு இதெல்லாம் செய்தும் நகராது. நல்ல நண்பர்களாகவே இருப்பார்கள், பேச்சு வேறெங்கோ போய்விடும். அவர்களைப் பிரித்து வேறு ஆளோடு சேர்த்துவிடுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். மற்றவர்களுக்கு, பேசி முடித்து எழுந்திருக்கும் முன்பே அடுத்த முறை எந்தத் தேதி, எந்தப் பீரியட் என்று இருவர் டைரியிலும் எழுத வைப்பது என் வழக்கம்.